இரண்டாவது கேள்வி

ஸ்கூடாய், தாமான் உங்கு துன் அமினாவில் நான் வழக்கமாகப் போகும் ஒட்டுக்கடையில் ஞாயிறு காலை ஏழரைக்கெல்லாம் மேசைகள் நிறைந்துவிடும். வாரம் முழுக்க விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் அன்று ஒருநாள்தான் நிதானமாக உட்கார்ந்து பசியாறுவார்கள். என் அக்கா மகனும் வந்திருந்தான். பக்கத்திலுள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். தே தாரிக் வருவதற்குள் கைப்பேசியை என் பக்கம் திருப்பினான். அமெரிக்க நையாண்டி நிகழ்ச்சிக்காரர் ஜான் ஆலிவர் ஒரு பெரிய நிறுவனத்தைக் கிழித்துக்கொண்டிருந்தார்.

“பாருங்க மாமா, சிரிக்க வைக்கிற ஆளு எப்படிக் கேக்கறாரு! நம்ம நிருபருங்க டத்தோ ஸ்ரீ வாய்க்கு நேரா போன நீட்டிக்கிட்டு நிக்கிறாங்க. அவர் சொல்றத அப்படியே எழுதிக் குடுத்துடறாங்க. கேள்வின்னு ஒண்ணு கேக்கறதே இல்ல.”

அவன் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதியை விளக்க எனக்கு மூன்று கிளாஸ் தேநீர் பிடித்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கடுமையான கேள்வி என்றால் குரலை உயர்த்திக் கேட்பது என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பதிலை நாளைக்குச் சரிபார்த்துப் பார்க்க முடிகிற கேள்விதான் கடுமையானது. “இந்திய சமுதாயத்துக்கு என்ன செய்யப்போகிறீர்கள்?” என்று எவ்வளவு சத்தமாகக் கேட்டாலும் அது மென்மையான கேள்விதான். பேச்சாளர் அதைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் பேசுவார். “போன வருடம் இதே பள்ளிக்கு அறிவித்த பணம் எந்தத் தேதியில் வந்தது? எவ்வளவு செலவானது?” என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். அறை அமைதியாகிவிடும்.

எனக்கு அந்த அமைதி தெரியும். பதினைந்து வருடங்களுக்கு முன் ஒரு தமிழ் நாளிதழுக்கு இந்த வட்டாரத்தின் பகுதி நேர நிருபராக இருந்தேன். ஒரு மண்டபத்தில் பத்திரிகையாளர் கூட்டம். தமிழ்ப்பள்ளி ஒன்றின் கூடுதல் கட்டடத்துக்கு நிதி ஒதுக்கியதாக அறிவித்தார்கள். அதே தொகையை முந்தின வருடமும் நானே எழுதியிருந்தேன். எழுந்து, “இது புதுப் பணமா, போன வருடம் சொன்ன அதே பணமா?” என்று கேட்டேன். “அதற்கான வேலைகள் நடந்துகொண்டிருக்கின்றன” என்று பதில் வந்தது. அது பதிலே இல்லை என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். நான் மறுபடி கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் தீபாவளி விருந்துபசரிப்பு பற்றிக் கேட்டார், பேச்சு அங்கே போய்விட்டது. மறுநாள் செய்தியில் தொகை இருந்தது, படம் இருந்தது, என் கேள்வி இல்லை. திருநாள் வாழ்த்து விளம்பரங்கள் வரும் மாதம் அது என்று அலுவலகத்தில் சொன்னார்கள்.

முதல் கேள்வியைக் கேட்கும் நிருபர்கள் நம்மிடம் நிறையவே இருக்கிறார்கள். இரண்டாவது கேள்விதான் விழுவதில்லை. பத்திரிகையாளர் கூட்டத்தின் அமைப்பே அதற்கு எதிரானது. ஆளுக்கு ஒரு கேள்வி. நீங்கள் கேட்டதற்கு மழுப்பலாகப் பதில் வந்தால், அடுத்தவர் அதை விட்ட இடத்திலிருந்து தொடர்வதில்லை. அவருக்கு அவர் ஆசிரியர் சொல்லியனுப்பிய கேள்வி இருக்கும். இருபது நிருபர்கள் இருபது கேள்வி கேட்டுவிட்டு, ஒரு பதில்கூட இல்லாமல் வெளியே வருவது அப்படித்தான்.

இரண்டாவது கேள்விக்கு உலகம் முழுக்கச் சொல்லப்படும் உதாரணம் 1997 மே மாதம் பிபிசியில் நடந்தது. முன்னாள் உள்துறை அமைச்சர் மைக்கல் ஹோவர்டிடம், சிறைத்துறைத் தலைவரின் முடிவை மீறுவதாக அவரை மிரட்டினீர்களா என்று ஜெரமி பாக்ஸ்மன் கேட்டார். ஹோவர்ட் சுற்றி வளைத்தார். பாக்ஸ்மன் அதையே திரும்பக் கேட்டார். ஏறத்தாழ ஒரே வாக்கியத்தை ஒரு டஜன் தடவை கேட்டார். அடுத்த செய்திப்படம் தயாராகவில்லை, அதனால்தான் கேட்டுக்கொண்டே இருந்தேன் என்று பிறகு அவரே சொன்னார். அந்தப் பன்னிரண்டு கேள்விகளுக்குப் பின்னால் துணிச்சல் இருந்தது, மறுக்கவில்லை. நேரமும் இருந்தது. எழுந்து போக முடியாத விருந்தினரும், கேட்டவரைத் திட்ட மேலிருந்து யாரும் வராத ஒரு நிறுவனமும் இருந்தன.

மருமகன் குறுக்கிட்டான். “அப்ப நம்ம ஊர்ல மேலேருந்து வர்றவங்க யாரு?”

மலேசியாவில் நாளிதழ் அச்சிட உரிமம் வேண்டும். 1984ஆம் ஆண்டின் அச்சகங்கள் மற்றும் வெளியீடுகள் சட்டம் அதை உள்துறை அமைச்சரின் கையில் கொடுத்தது. 2012இல் திருத்தும் வரை அந்த உரிமத்தை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டியிருந்தது. ஒரு நாளிதழ் ஆசிரியருக்கு இதன் பொருள் என்னவென்று 1987 அக்டோபரில் நாடு பார்த்தது. ஓப்பராசி லாலாங் கைது நடவடிக்கையின்போது ‘தி ஸ்டார்’, ‘சின் சியூ ஜிட் போ’, ‘வாத்தான்’ ஆகிய மூன்று ஏடுகளின் உரிமம் முடக்கப்பட்டது. மாதக்கணக்கில் அவை வெளிவரவில்லை. அச்சு இயந்திரம், தொழிலாளர், விநியோகம் எல்லாம் ஒரே கடிதத்தில் நின்றுபோகும் என்பதைப் பார்த்துவிட்ட ஒரு தலைமுறை ஆசிரியர்கள், தங்கள் நிருபர்களை அதற்கேற்பப் பழக்கினார்கள். சட்டம் தளர்ந்த பிறகும் பழக்கம் தளரவில்லை. இன்றும் உரிமம் வேண்டும், அதை ரத்து செய்யும் அதிகாரம் இன்றும் அமைச்சரிடம் இருக்கிறது.

இதோடு உடைமையும் சேர்ந்துகொண்டது. நம் தமிழ் வாசகர்கள் இதை வெளிப்படையாகப் பேச வேண்டும். 1924இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ இந்நாட்டுத் தமிழரின் முகவரி போல இருந்த ஏடு. அது நீண்ட காலம் துன் ச. சாமிவேலுவின் குடும்பத்தார் கையில் இருந்தது. அவர் 1979 முதல் 2010 வரை மலேசிய இந்தியர் காங்கிரஸ் (மஇகா) கட்சியின் தலைவர். மஇகா தலைவரிடம் யாராவது கடினமாகக் கேட்க வேண்டுமென்றால், தமிழ்ப் பத்திரிகைதான் கேட்க வேண்டும். வேறு மொழி ஏடுகளுக்கு நம் பள்ளியும் கோயில் நிலமும் தோட்டத்து வீடும் முதல் பக்கச் செய்தி ஆகாது. அந்தக் கேள்வி எழ வேண்டிய இடத்திலேயே அது எழ வழியில்லாமல் போயிற்று. அங்கே உழைத்தவர்களைக் குறை சொல்லவில்லை. மொழிக்கும் எழுத்தாளர்களுக்கும் அந்த ஏடு செய்ததை யாராலும் அழிக்க முடியாது. ஆனால் முதலாளியிடம் இரண்டாவது கேள்வி கேட்கும்படி எந்த நிருபரையும் நாம் எதிர்பார்த்திருக்க முடியாது.

இப்போது நையாண்டிக்காரர் பக்கம் வருவோம். அவருக்கு இருக்கும் முதல் வசதி, எதிராளி அறையிலேயே இல்லை. அமைச்சர் நான்கு வருடம் முன்பு சொன்னதையும் நேற்றுச் சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுக் கேமராவைப் பார்த்தால் போதும். அதற்கு மேல் கேள்வியே தேவையில்லை, முரண்பாடே கேட்டுவிடும். “அதற்கான வேலைகள் நடந்துகொண்டிருக்கின்றன” என்று அங்கே யாராலும் மழுப்ப முடியாது. நாளைக்கு அதே அமைச்சரிடம் பேட்டி கேட்டு நிற்க வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை.

எதிராளி நேரில் வந்து உட்காரும்போது நையாண்டிக்காரரும் தடுமாறுகிறார். ஜான் ஸ்டூவர்ட்டின் ‘டெய்லி ஷோ’வுக்கு 2004இல் அதிபர் வேட்பாளர் ஜான் கெரி வந்தபோது மிருதுவான கேள்விகளே கேட்கப்பட்டன. அதே வருடம் அக்டோபரில் ஸ்டூவர்ட் சிஎன்என்னின் ‘கிராஸ்ஃபயர்’ நிகழ்ச்சிக்குப் போய், விவாதம் என்ற பெயரில் நாட்டுக்குக் கேடு செய்கிறீர்கள் என்று அந்தத் தொகுப்பாளர்களைக் கண்டித்தார். அவர்கள் கெரியின் பேட்டியைச் சுட்டிக்காட்டினார்கள். அதற்கு ஸ்டூவர்ட் சொன்னது, என் நிகழ்ச்சிக்கு முன்னால் வருவது பொம்மைகள் தொலைபேசியில் குறும்பு செய்யும் நிகழ்ச்சி, என்னை ஏன் உங்களோடு ஒப்பிடுகிறீர்கள் என்பது. நேர்மையான பதில்தான். ஆனால் நிருபர் எவரும் அப்படிச் சொல்லித் தப்ப முடியாது. 2009 மார்ச்சில் அதே ஸ்டூவர்ட், பங்குச்சந்தை ஆலோசகர் ஜிம் கிரேமரை எதிரே உட்காரவைத்து, அவருடைய பழைய காணொளித் துண்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டிக் கேட்டார். கிரேமரால் நழுவ முடியவில்லை. அன்று ஸ்டூவர்ட்டின் கையில் இருந்தது ஆவணம். நிருபர்கள் செய்யும் அதே வேலையை அன்று அவர் செய்தார், அதனால்தான் அது இன்னும் நினைவில் நிற்கிறது.

நம் நாட்டிலும் இந்தக் கலை உண்டு, அதில் தமிழ்ப் பெயரும் உண்டு. 1989இல் தொடங்கிய ‘இன்ஸ்டன்ட் கஃபே தியேட்டர்’ குழுவின் நிறுவனர்களில் ஒருவர் ஜோ குகதாஸ். அரசியல்வாதி ‘ஒய்பி’யாக அவர் மேடையேறினால், பெண் என்பது மறந்து, நாம் தினம் தொலைக்காட்சியில் பார்க்கும் ஒருவர் வந்து நிற்பதாகவே தோன்றும். 2003இல் அவர்கள் நடத்திய நையாண்டி நிகழ்ச்சி ஒன்றுக்குப் பத்திரிகையில் புகார்க் கடிதம் வந்தது, கோலாலம்பூர் மாநகராட்சி குழுவின் மேல் நடவடிக்கை எடுத்தது. மேடைக்கும் உரிமம் வேண்டும். அதனால்தான் அடுத்த தலைமுறை இணையத்துக்குப் போனது. ‘பாப்டிவி’ என்ற இணையத் தளத்தில் நையாண்டிச் செய்தி நிகழ்ச்சிகள் வந்தன. அவற்றில் ‘தி ஃபேர்லி கரண்ட் ஷோ’வை நடத்தியவர் ஃபாஹ்மி ஃபாட்சில். 2022 டிசம்பரிலிருந்து அவர்தான் தொடர்புத்துறை அமைச்சர். அன்று அவர் நாற்காலியிலிருந்து கேட்ட கேள்விகளை இன்று நிருபர்கள் அவரிடம் கேட்கிறார்கள்.

“சரி மாமா. நையாண்டிக்கு வசதி அதிகம்னே வைங்க. அவங்களுக்குப் பயம் இல்லையே?” என்றான் மருமகன்.

அப்போது நான் அவனுக்கு 2016ஆம் ஆண்டைச் சொன்னேன். அந்த ஜனவரிக் கடைசியில், 1எம்டிபி என்ற அரசு நிதியத்தின் பண விவகாரத்தில் அப்போதைய பிரதமர் நஜிப் மேல் குற்றமில்லை என்று சட்டத்துறைத் தலைவர் அறிவித்தார். சில நாள்களில் வரைகலைஞர் ஃபாஹ்மி ரேசா, நஜிப்பின் முகத்தைக் கோமாளியாக வரைந்து இணையத்தில் வெளியிட்டார். மார்ச் 12ஆம் தேதி கூச்சிங்கில், ஆஸ்திரேலியாவின் ஏபிசி நிருபர் லிண்டன் பெசர் நஜிப்பை நேரில் அணுகி அந்தப் பணத்தைப் பற்றிக் கேட்டார். அவரையும் ஒளிப்பதிவாளர் லூயி எரோக்லுவையும் போலீஸ் பிடித்து வைத்தது. பாதுகாப்புக் கோட்டைத் தாண்டினார்கள் என்றது. சில நாள் கழித்துக் குற்றச்சாட்டு எதுவும் இல்லாமல் அவர்கள் நாட்டைவிட்டுப் போனார்கள். ஃபாஹ்மி ரேசாவின் மேல் வழக்குத் தொடர்ந்தார்கள். 2018 பிப்ரவரியில் ஈப்போ நீதிமன்றம் ஒரு மாதச் சிறையும் 30,000 ரிங்கிட் அபராதமும் விதித்தது. மேல்முறையீட்டில் சிறை நீங்கி, அபராதம் 10,000 ரிங்கிட்டாகக் குறைந்தது.

ஒருவர் வரைந்து கேட்டார், இன்னொருவர் வாயால் கேட்டார். கேட்டது ஒரே மனிதரை, ஒரே பணத்தைப் பற்றி. இருவரையும் தேடி வந்தது ஒரே போலீஸ். நையாண்டிக்காரர் துணிந்தவர், நிருபர் பயந்தவர் என்று இந்த நாட்டில் பிரித்துப் பேச முடியாது என்பதற்கு இதைவிடச் சாட்சி எனக்குத் தேவையில்லை.

தைப்பூசத்தை வைத்தே ஒன்று சொல்கிறேன். 2021 ஜனவரியில் கெடா மந்திரி பெசார் முகமட் சனுசி, நடமாட்டக் கட்டுப்பாட்டைக் காரணம் காட்டி, அந்த ஆண்டு தைப்பூசத்துக்குச் சிறப்பு விடுமுறை இல்லை என்றார். இந்தியர்கள் கொதித்தார்கள். கேலிச்சித்திரக்காரர் ஸுனார், மந்திரி பெசார் வெட்டுக்கத்தியோடு நிற்பதுபோல் ஒரு படம் வரைந்தார். அவர் மலாய்க்காரர், முஸ்லிம். நம் பண்டிகைக்காக அவர் தூரிகையை எடுத்தார். அந்தப் படத்துக்காக அந்த மே மாதம் புக்கிட் அமான் போலீசார் அவரை அழைத்து விசாரித்தார்கள். அவருக்கு அது புதிதில்லை. அன்வார் இப்ராஹிம் வழக்கின் தீர்ப்பை விமர்சித்து எழுதிய டுவிட்டர் பதிவுகளுக்காக 2015இல் தேச நிந்தனைச் சட்டத்தின் கீழ் அவர் மேல் 9 குற்றச்சாட்டுகள் பதிவாகி, 43 ஆண்டு வரை சிறை என்ற நிலை இருந்தது. ஆட்சி மாறிய பிறகு, 2018 ஜூலையில்தான் அவை கைவிடப்பட்டன.

தமிழ்நாட்டிலும் இதே கதைதான். 1987இல் ஓர் அட்டைப்பட நகைச்சுவைக்காக ‘ஆனந்த விகடன்’ ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றமே மூன்று மாதச் சிறை விதித்தது. எதிர்ப்பு கிளம்பியதால் இரண்டு நாளில் விட்டார்கள். அவர் அத்தோடு விடாமல் நீதிமன்றம் போனார். 1994இல் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்கு 1,000 ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. பணம் சிறியது, தீர்ப்பு பெரியது. 2025 பிப்ரவரியில், பிரதமர் மோடி கைவிலங்கோடு டிரம்ப் அருகே உட்கார்ந்திருப்பதாக ஒரு கேலிச்சித்திரம் வெளியிட்டதால் விகடன் இணையத்தளமே முடக்கப்பட்டது. மறு மாதம் அதே உயர் நீதிமன்றம் போய்த்தான் அதை மீட்டார்கள், அதுவும் அந்தப் படத்தைத் தற்காலிகமாக நீக்கிய பிறகு.

இனி என் மருமகன் யோசித்திராத ஒன்று. நையாண்டிக்குச் சரக்கு எங்கிருந்து வருகிறது? ஃபாஹ்மி ரேசா வரைந்த கோமாளி காற்றிலிருந்து வரவில்லை. ‘சரவாக் ரிப்போர்ட்’ தளத்தை நடத்திய கிளேர் ரியூகாசல் பிரவுனும் ‘தி எட்ஜ்’ நிருபர்களும் ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ நிருபர்களும் வங்கிக் கணக்கு, மின்னஞ்சல், தேதி, தொகை என்று ஒவ்வொன்றாகத் தோண்டினார்கள். அதற்கான விலையை 2015 ஜூலையில் கொடுத்தார்கள். ‘சரவாக் ரிப்போர்ட்’ முடக்கப்பட்டது. ‘தி எட்ஜ்’ ஏடுகளின் உரிமம் மூன்று மாதம் நிறுத்தப்பட்டது, செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. அந்தத் தொகையை யாராவது கண்டுபிடித்து எழுதியிருக்காவிட்டால் கோமாளி முகத்துக்கு அர்த்தமே இருந்திருக்காது.

இங்கே ஜொகூரிலேயே, 2019 மார்ச் 7ஆம் தேதி பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் யாரோ ரசாயனக் கழிவைக் கொட்டினார்கள். பள்ளிப் பிள்ளைகள் மூச்சுத் திணறி விழுந்தார்கள். ஒரு வாரத்துக்குள் அந்த வட்டாரத்தின் 111 பள்ளிகளும் மூடப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் சிகிச்சைக்கு ஓடினார்கள். அங்கே நையாண்டி என்ன செய்யும்? கரையில் நின்று, என்ன ரசாயனம், எந்த லாரி, யார் உரிமம் கொடுத்தது, முதல் பிள்ளை எத்தனை மணிக்கு மயங்கியது, பள்ளியை ஏன் அன்றே மூடவில்லை என்று கேட்க ஆள் வேண்டும். மறுநாளும் அதே இடத்துக்குப் போக வேண்டும். அந்தக் கேள்விகளில் சிரிப்புக்கு இடமில்லை, கைத்தட்டலும் கிடைக்காது. மழைக் கோட்டும் குறிப்புப் புத்தகமுமாக நிற்கும் மனிதருக்குத்தான் அந்த வேலை.

ஆகவே என் தீர்ப்பு இது. நம் நிருபர்கள் போதுமான அளவு கடினமாகக் கேட்பதில்லை. மருமகன் சொன்னது உண்மை, அதை நான் மறைக்கப் போவதில்லை. அவர்களை நையாண்டிக்காரரோடு ஒப்பிட்டு அளப்பதுதான் தவறு. நேற்று அவர்களே கேட்ட முதல் கேள்வியோடு ஒப்பிட்டு அளக்க வேண்டும். பதில் வராத கேள்வியை இன்று திரும்பக் கேட்டார்களா? ஒரு நிருபர் கேட்டு மழுப்பல் வந்தால், பக்கத்தில் இருப்பவர் தன் கேள்வியை விட்டுவிட்டு அதையே கேட்டாரா? இதற்குச் சட்டம் திருந்தும் வரை காத்திருக்கத் தேவையில்லை. இருபது பேரில் மூன்று பேர் பேசி வைத்துக்கொண்டு வந்தால் போதும். அன்று அந்த மண்டபத்தில் எனக்குப் பக்கத்தில் ஒரே ஒருவர் அப்படிக் கேட்டிருந்தால், அந்தப் பணம் புதியதா பழையதா என்று பெற்றோர்களுக்குத் தெரிந்திருக்கும்.

மூன்றாவது கிளாஸ் காலியானபோது அவன் கேட்டான். “நாங்க என்ன செய்யணும் மாமா? நாங்க நிருபர் இல்லையே.”

2021 பிப்ரவரி 19ஆம் தேதி நடந்ததை அவனுக்குச் சொன்னேன். வாசகர்கள் எழுதிய ஐந்து கருத்துகளுக்காக ‘மலேசியாகினி’ நீதிமன்ற அவமதிப்புச் செய்ததாகக் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்து 5 லட்சம் ரிங்கிட் அபராதம் விதித்தது. அந்தத் தளம் வாசகர்களிடம் கை நீட்டியது. ஒரு சில மணி நேரத்தில் முழுத் தொகையும் சேர்ந்துவிட்டது. அதற்கு இரண்டு வருடம் முன், 2019 தொடக்கத்தில், ‘தமிழ் நேசன்’ தன் கடைசி இதழை அச்சிட்டபோது நாம் வருத்தப்பட்டோம். வருத்தப்பட்டவர்களில் எத்தனை பேர் வீட்டில் அந்த வருடம் எந்தத் தமிழ் நாளிதழாவது காசு கொடுத்து வாங்கப்பட்டது என்று என் தெருவில் நானே விசாரித்தேன். இரண்டு வீடு. வாசகர் காசு கொடுக்காத ஏடு வாழ்த்து விளம்பரத்தை நம்பித்தான் ஓடும், விளம்பரம் கொடுப்பவரிடம் இரண்டாவது கேள்வி கேட்காது.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நாளைக்கு ஒரு தமிழ் நாளிதழை வாங்குங்கள். நம் பள்ளிக்கோ கோயிலுக்கோ நிதி அறிவித்த செய்தி அதில் இருந்தால் வெட்டி, தேதி போட்டு, ஒரு கோப்பில் வையுங்கள். அடுத்த வருடம் அதே அறிவிப்பு வரும்போது இரண்டையும் ஒன்றாக இணைத்து அந்தப் பத்திரிகை ஆசிரியருக்கு அனுப்புங்கள்.